ஆறு மடங்கா, நாலு மடங்கா? பல கோர் ஆட்டத் தேடல் நிரல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறோம். சதுரங்கமும் ஆடும், ஆடுபுலியும் ஆடும். போன சாரல் காலத்தில், "எட்டு திரெட்டில் ஓட்டினால் ஆறு மடங்கு வேகம்" என்று ஓர் அட்டவணை தயாரித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். திரெட் என்பது நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு தனி வேலை ஓட்டம்; அதை ஓட்டுவது புராசசருக்குள் இருக்கும் ஒரு கோர், அதாவது ஒரு கணக்கிடும் பகுதி. மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் இருக்கும் நண்பர்கள் அதே நிரலை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாலுதான் வந்தது. "பாக்கி ரெண்டு ஆரியங்காவு செக்போஸ்ட்ல நிக்குதா?" என்று கேட்டார் அங்குள்ள சேட்டன். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், ஸ்பீடப் என்றால் என்ன?

ஒரு திரெட்டில் ஆன நேரத்தை, பல திரெட்டில் ஆன நேரத்தால் வகுத்தால் வருவது. 60 நொடி ஆன வேலை 10 நொடியில் முடிந்தால் ஸ்பீடப் ஆறு. இவ்வளவுதான். எங்கள் தகராறு முழுக்க அந்த 60 எங்கிருந்து வந்தது, 10 எங்கிருந்து வந்தது என்பதில்தான்.

எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு வர வேண்டாமா?

வராது. ஆட்டத் தேடலில், அதாவது இனி வரக்கூடிய நகர்வுகளை அலசி நல்லதைப் பொறுக்குவதில், வேலையைச் சும்மா எட்டாக வெட்டிக் கொடுக்க முடியாது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு நகர்வு ஆழம் வரை எல்லாவற்றையும் பார்த்தால் 183 கோடிக்கு மேல் நிலைகள். ஆல்ஃபா-பீட்டா என்ற வெட்டுமுறை இதில் பெரும்பகுதியைப் பார்க்காமலே தள்ளிவிடும். நகர்வுகள் மிகச் சரியான வரிசையில் வந்தால் எத்தனை நிலைகளைப் பார்த்தால் போதும் என்று கணினி அறிஞர்கள் க்னூத்தும் மூரும் 1975இல் எழுதிய கட்டுரையில் கணக்கு இருக்கிறது. அதன்படி இந்த 183 கோடிக்குப் பதில் 85,749 நிலைகள் போதும்.

இந்த வெட்டு எப்படிக் கிடைக்கிறது? புளியங்குடியில் எலுமிச்சை வாங்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கடையில் பேரம் பேசி கிலோ 60 ரூபாய்க்குப் படிந்துவிட்டது. இரண்டாவது கடைக்காரர் "65க்குக் கீழே கட்டாது" என்றதும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடலாம். முதல் கடையின் விலை கையில் இருப்பதால்தான் மற்றக் கடைகளில் நேரம் மிச்சம். இப்போது எட்டு பேரை ஒரே நேரத்தில் எட்டு கடைக்கு அனுப்புங்கள். யாருக்கும் 60 என்று தெரியாது. எட்டு பேரும் கடைசி வரை பேரம் பேசுவார்கள். எட்டு பேர் உழைப்பு, அதில் பெரும்பாதி வீண்.

இந்த வீண் வேலைக்குத் தேடல் சுமை என்று பெயர் வைத்திருக்கிறோம். இதோடு வேலை இல்லாமல் சும்மா நிற்கும் நேரம், ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ளும் நேரம் எல்லாம் சேரும்.

அப்படியென்றால் எப்படித்தான் பிரிக்கிறார்கள்?

பழைய வழி, அண்ணன் முடிக்கும் வரை தம்பிகள் காத்திருப்பது. ஒரு நிலையின் முதல் நகர்வை ஒரே திரெட் முடித்துவிடும். விலை தெரிந்த பிறகுதான் மற்ற நகர்வுகளைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கும். ஜெர்மனியின் பாடர்போர்னில் உருவான ட்சுக்ட்ஸ்வாங் நிரல் இப்படித்தான் ஆடியது. 1983இலும் 1986இலும் கணினிகளுக்கான உலக சதுரங்கப் பட்டம் வென்ற க்ரே பிளிட்ஸின் ஆசிரியர் ராபர்ட் ஹயட், நகர்வுகள் கிளைகிளையாகப் பிரியும் தேடல் மரத்தின் எந்த இடத்தில் பிரிப்பது என்பதை ஓடும்போதே முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்.

இப்போது பலரும் செய்வது சோம்பேறி வழி. பெயரே அதுதான், லேசி எஸ்எம்பி. எல்லா திரெட்டும் வேர் நிலையிலிருந்து அதே தேடலைத் தொடங்கும். பிரித்துக் கொடுப்பது, காத்திருப்பது எதுவும் கிடையாது. பொதுவாக இருப்பது, பார்த்த நிலைகளின் முடிவுகளைக் குறித்துவைக்கும் ஹாஷ் டேபிள் ஒன்றுதான். ஒருவர் கண்டுபிடித்து அதில் எழுதியதை மற்றவர் படித்துக்கொள்வார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பேர்பெற்ற சதுரங்க நிரல் ஸ்டாக்ஃபிஷ் 2016 ஜனவரியில் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இந்த வழியில்தான் ஓடுகிறது. எங்கள் நிரலும் அப்படித்தான்.

ஆறு என்று நீங்கள் போட்டது பொய்யா?

பொய் இல்லை. அளந்தபோது ஆறுதான் வந்தது. ஆனால் நாங்கள் அளந்தது பிழை தேடுவதற்கான டீபக் பில்ட். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் மேம்படுத்தல் அணைந்திருந்தது, சோதனை வரிகள் எல்லாம் உயிரோடு இருந்தன. புனலூர்க்காரர்கள் முறையாக, மேம்படுத்தலோடு வெளியிடும் ரிலீஸ் பில்ட் போட்டு அளந்தார்கள். "ரெண்டு பக்கமும் டீபக்தானே, வகுத்தால் சரியாகிவிடாதா?" என்று நானும் முதலில் வாதாடினேன். சரியாகாது. ஏன் என்று பார்க்க, முழு எண்களாக ஒரு கணக்குப் போடலாம்.

ஒரு நிலையை ஆராய 1000 நானோநொடி ஆகிறது. அதற்கு மேல், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய லாக்குக்குள் 50 நானோநொடி. ஒரு திரெட்டில் ஒரு நிலைக்கு 1050. எட்டு திரெட்டில் அந்த ஆயிரம் எட்டாகப் பிரிந்து 125 ஆகும். 50 அப்படியே நிற்கும். மொத்தம் 175. 1050ஐ 175ஆல் வகுத்தால் 6.

இப்போது கம்பைலரின் மேம்படுத்தலைப் போடுகிறோம். ஆயிரம் 300 ஆகிவிடுகிறது. லாக் அதே 50. ஒரு திரெட்டில் 350. எட்டு திரெட்டில் 37.5 கூட்டல் 50, மொத்தம் 87.5. வகுத்தால் 4.

ஆறு மடங்கு நிரல் நொடிக்கு ஏறக்குறைய 57 லட்சம் நிலைகள் பார்க்கிறது. நாலு மடங்கு நிரல் 1 கோடியே 14 லட்சம் பார்க்கிறது. ஸ்பீடப் குறைந்த நிரல்தான் இரண்டு மடங்கு வேகம்! அட்டவணையில் ஆறைப் பார்த்து நாங்கள் பூரித்துப்போனது, மெதுவான நிரலை வைத்துக்கொண்டு.

இது 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் சொன்னதுதான்: பிரிக்க முடியாத பங்குதான் வேகத்துக்கு எல்லை கட்டும். புளியரை எஸ் வளைவில் லாரிகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தென்காசியிலிருந்து புளியரை வரைக்கும் எவ்வளவு வேகமாக ஓட்டி வந்தாலும், வளைவில் ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். வரும் வழியில் வேகம் கூடக் கூட, வளைவில் நிற்கும் நேரத்தின் பங்குதான் பெருகும்.

அந்த 50 நானோநொடி லாக்கை எடுக்க முடியாதா?

எடுத்துவிட்டோம். ஹாஷ் டேபிளில் லாக்கே இல்லாமல் எழுதப் படிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. ஹயட்டும் டிம் மான் என்பவரும் 2002இல் எழுதியது. ஒரு நிலையின் சாவியை, அதாவது அதன் அடையாள எண்ணை, அப்படியே சேமிக்காமல், சாவியையும் தகவலையும் எக்ஸார் செய்து (பிட் பிட்டாகக் கலந்து; இரண்டு தடவை செய்தால் பழையபடி ஆகிவிடும்) சேமிப்பார்கள். படிக்கும்போது மறுபடி எக்ஸார் செய்தால் பழைய சாவி வர வேண்டும். இரண்டு திரெட்கள் ஒரே நேரத்தில் எழுதிப் பாதி இவர், பாதி அவர் என்று கலந்திருந்தால் சாவி பொருந்தாது. அந்தப் பதிவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் லாக்கை எடுத்த பிறகும் ஸ்பீடப் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. இரண்டு ஞாயிறு போய்விட்டது. பிறகு கண்ணில் பட்டது, யாரும் சந்தேகிக்காத ஒரு வரி. ஒவ்வொரு திரெட்டும் எத்தனை நிலைகள் பார்த்தது என்று எண்ண, எட்டு எண்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தோம். எண் ஒவ்வொன்றும் 8 பைட். எட்டு எட்டு 64. புராசசர் தன் அருகிலேயே வைத்திருக்கும் வேக நினைவகமான கேஷின் ஒரு வரியும் 64 பைட். அதாவது எட்டு திரெட்டும் அவரவர் எண்ணை மட்டும்தான் கூட்டுகின்றன, ஆனால் எட்டும் ஒரே கேஷ் வரியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கோர் எழுதும்போதெல்லாம் அந்த வரி மற்ற ஏழு கோரிடமிருந்தும் பிடுங்கப்படும். ஒரே பாயில் எட்டு பேர் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்த கதை. ஒவ்வோர் எண்ணுக்கும் 64 பைட் இடம் கொடுத்துத் தள்ளி வைத்தோம், தீர்ந்தது. வேகத்தை அளக்க வைத்த எண்ணியே வேகத்தைத் தின்றுகொண்டிருந்தது.

உங்கள் அட்டவணையின் நேரங்களே சந்தேகத்துக்குரியவை என்கிறார்களே?

இதற்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அளந்த அன்று ஸ்பீடப் எண்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தோம். நிரல் கக்கிய பதிவுக் கோப்பு ஒரு பென்டிரைவில் இருந்தது. அந்த பென்டிரைவ் எங்கோ போய்விட்டது. அட்டவணை தயாரிக்கும்போது எட்டு திரெட்டின் நேரம் என்ற பத்தியை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு திரெட்டின் நேரம் கையில் இருக்கிறது, ஸ்பீடப் இருக்கிறது, வகுத்தால் நேரம் வந்துவிடுமே என்று எங்களில் ஒருவர் வகுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒருவர் நான்தான்.

சேட்டன் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். உண்மையில் அளந்த நேரங்களை வகுத்தால் 5.87, 6.31, 4.96 என்று கரடுமுரடாக வரும். எங்கள் அட்டவணையில் எந்த வரியை வகுத்தாலும் 6.0, 5.5, 6.2 என்று ஒரு தசமத்தில் மொழுமொழுவென்று வந்து நின்றது. அளந்த எண்ணுக்கு அப்படி ஒரு ஒழுங்கு வராது.

"கணக்கிட்டது" என்று பத்தித் தலைப்பில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. போடவில்லை. இப்போது எந்த அட்டவணை அனுப்பினாலும் பதிவுக் கோப்பு கூடவே போகிறது.

சராசரி எடுத்ததிலும் தகராறு என்றார்களே?

ஆமாம், அது தனித் தகராறு. இரண்டு நிலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 100 நொடியிலிருந்து 10க்கு வந்தது, பத்து மடங்கு. இரண்டாவது 100இலிருந்து 50க்கு, இரண்டு மடங்கு. பத்தும் இரண்டும் கூட்டிப் பாதியாக்கினால் ஆறு. மொத்த நேரத்தைக் கூட்டி வகுத்தால், 200ஐ 60ஆல், 3.3. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 4.5. ஒரே அளவீடு, மூன்று விடை. மூன்றுக்கும் நியாயம் உண்டு. விகிதங்களைச் சராசரி போட வேண்டுமென்றால் பெருக்குச் சராசரிதான் முறை என்பது என் கட்சி. எதை எடுத்தீர்கள் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

ஒரே நிலையை இரண்டு தடவை ஓட்டினால் ஏன் வேறு வேறு நேரம்?

ஒரு திரெட்டில் அப்படி ஆகாது; நிலைகளின் எண்ணிக்கை அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கும். பல திரெட்டில், யார் முதலில் ஹாஷ் டேபிளில் எழுதினார் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதைப் படித்த திரெட் வேறு கிளையை வெட்டும், அதனால் வேறு வரிசை, வேறு மரம். ஒரே நிலை ஒரு தடவை மூன்று மடங்கும் அடுத்த தடவை எட்டு மடங்கும் காட்டியதைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு நிலையையும் பல தடவை ஓட்டுங்கள். நல்லதாக வந்த ஓட்டத்தைப் பொறுக்கி எடுக்காதீர்கள். கை அரிக்கத்தான் செய்யும்.

எட்டு திரெட்டில் பத்து மடங்கு வந்தது என்கிறார் ஒருவர். சாத்தியமா?

ஒரு நிலையில், ஒரு தடவை, சாத்தியம். எட்டில் ஒரு திரெட் தற்செயலாக நல்ல நகர்வை முன்னால் பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் சடசடவென்று வெட்டுப்படும். எல்லா நிலையிலும், திரும்பத் திரும்ப எட்டுக்கு மேல் வருகிறதென்றால் அவருடைய ஒரு திரெட் நிரலில்தான் கோளாறு. எட்டு திரெட் செய்யும் வேலையை ஒரே திரெட் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால், எட்டு மடங்கு நேரத்தில் முடித்துவிடலாம் அல்லவா? அப்படியானால் அந்த ஒரு திரெட் நிரல் பத்து மடங்கு எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அதன் நகர்வு வரிசை மோசம் என்று பொருள்.

மடிக்கணினியில் அளக்கலாமா?

அளக்கலாம், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு. ஒரு திரெட் மட்டும் ஓடும்போது புராசசர் தன் உச்ச வேகத்துக்குப் போகும். எட்டும் ஓடினால் சூடேறி இறங்கிவிடும். எங்கள் முதல் அளவீடு ஆடி மாதம், ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சன்னல் வழியே அடிக்கும் மேசையில் நடந்தது. அதே கணினி, அதே நிரல், சித்திரையில் மூடிய அறையில் வேறு எண்ணைக் காட்டியது. அந்த உச்ச வேகத்துக்குப் போகும் டர்போ வசதியை அணையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள், ஒன்று-எட்டு-ஒன்று-எட்டு என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பெட்டியில் எட்டு திரெட் என்று போட்டிருந்தாலும் உள்ளே நாலு கோர்தானா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

மேம்படுத்தும்போது நிரல் கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரியும்?

சதுரங்கத்துக்கு வழி எளிது. தொடக்க நிலையிலிருந்து சாத்தியமான நகர்வுத் தொடர்களை எண்ணச் சொல்லுங்கள்: 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று வர வேண்டும். ஒன்று பிசகினாலும் நகர்வு உண்டாக்கும் பகுதியில் பிழை. அடுத்து, சில நிலைகளை ஒரே திரெட்டில் குறிப்பிட்ட ஆழத்துக்கு ஓட்டி மொத்த நிலைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காக மட்டும் செய்த மாற்றமென்றால் அந்த எண்ணிக்கை மாறவே கூடாது. ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் தேடலின் போக்கை மாற்றும் ஒவ்வொரு மாற்றத்தோடும் இந்த எண்ணைக் கையெழுத்துப் போல எழுதிவைக்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு திரெட்டுக்கு. பல திரெட்டில் எண்ணிக்கை தள்ளாடும் என்று மேலே சொன்னேனே, அங்கே என்ன செய்வது? இங்கேதான் ஆடுபுலி கைகொடுத்தது.

23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. மூன்று புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். மிச்சமுள்ள 20 புள்ளிகளில் பதினைந்து வரை ஆடுகளை 10,42,380 விதமாக வைக்கலாம். பெருக்கினால் 184 கோடிச் சொச்சம். யார் ஆடும் முறை என்பதைச் சேர்த்தால் 369 கோடி. நிலை ஒன்றுக்கு ஜெயம், தோல்வி, சமன் என்று குறிக்க இரண்டு பிட் போதும். மொத்தம் 92 கோடி பைட். ஒரு ஜிபிகூட இல்லை! ஆடுகளை எல்லாம் இறக்கிய பிறகான ஆட்டம் முழுவதையும், புலிகள் அடைபட்ட நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒரு கோப்பில் அடைத்துவிடலாம். நேபாளத்துப் புலி-ஆடு ஆட்டமான பாக்சாலை இப்படிப் பின்னோக்கி அலசி, ஆடுகளை இறக்கும் கட்டத்தை முன்னோக்கித் தேடித்தான் சரியாக ஆடினால் சமன் என்று நிறுவினார்கள். 2007இல் செக்கர்ஸும் சமன் என்று ஷேஃபர் குழு அறிவித்தது. அது பல வருடக் கணக்கு.

அந்தக் கோப்பு இருந்தால் எட்டு திரெட் தேடல் "ஜெயம்" என்று சொல்லும் எந்த நிலையையும் திருப்பிச் சரிபார்க்கலாம். எங்கள் லாக் இல்லாத ஹாஷ் டேபிளில் ஒரு பிழையைப் பிடித்துக்கொடுத்தது இதுதான். சதுரங்கத்தில் அது வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

பெரிய இடங்களிலும் இப்படித் தகராறு வந்ததுண்டா?

உண்டு. 2017 டிசம்பரில் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஸீரோ நிரல், ஸ்டாக்ஃபிஷ் எட்டாம் பதிப்போடு 100 ஆட்டம் ஆடி 28இல் வென்றது, 72 டிரா, தோல்வி இல்லை என்று செய்தி வந்தது. உடனே கேள்விகள். ஸ்டாக்ஃபிஷுக்கு 64 திரெட் கொடுத்துவிட்டு ஹாஷ் டேபிள் வெறும் 1 ஜிபிதானா? நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டால் நேரத்தைச் சேமித்து வேண்டிய இடத்தில் செலவிடும் திறமை வீணாகாதா? அடுத்த வருடம் 32 ஜிபி ஹாஷோடு, மூன்று மணி நேரக் கடிகாரத்தில் 1,000 ஆட்டம் ஆடிய முடிவை வெளியிட்டார்கள்: 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா. கேட்டவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, ஆடியவர்கள் ஜெயித்ததும் உண்மை.

எனக்குப் பிடித்தது டீப் புளூ ஆட்கள் எழுதியது. 1997இல் காஸ்பரோவை வென்ற இயந்திரம், நொடிக்கு 20 கோடி நிலைகள். 24 சில்லுகளை வைத்து அளந்தபோது, கட்டாய நகர்வுகள் நிறைந்த நிலைகளில் 7 மடங்குதான் வந்தது, அமைதியான நிலைகளில் 18 என்று பட்டவர்த்தனமாக எழுதிவைத்தார்கள். உலக சாம்பியனை வென்றவர்கள் ஏழு என்று எழுதுகிறார்கள்; நாங்கள் ஆறை எட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தோம்.

ஸ்பீடபை விட்டுவிட்டு ஆட வைத்தே பார்க்கலாமே?

லேசி எஸ்எம்பிக்கு அதுதான் சரி. அதில் குறிப்பிட்ட ஆழத்தை எட்டும் நேரம் திரெட் கூடும் அளவுக்குக் குறையாது. மரம் அகலமாகும், ஆட்டம் பலப்படும். ஆனால் எத்தனை ஆட்டம்? பாதி ஆட்டம் டிராவாகும் என்று வைத்தால், 100 ஆட்டத்தில் வரும் எலோ (ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி) வித்தியாசத்தில் ஏறக்குறைய 48 முன்பின் இருக்கும். 10,000 ஆடினால்தான் அது 5 அளவுக்குச் சுருங்கும். "பத்துல ஏழு ஜெயிச்சது அண்ணே" என்று ஓடி வருபவர்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சரி, கடைசியில் எந்த எண்தான் சரி?

புனலூர் எண். ரிலீஸ் பில்டில், லாக்கோடு, நாலு. லாக்கையும் அந்த எண்ணிப் பட்டியலையும் சரிசெய்த பிறகு இரண்டு ஊரிலும் மறுபடி அளக்க வேண்டும். அவர்கள் அளந்துவிட்டார்கள், எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நாங்கள் அளந்து கோப்பை அனுப்பிய பிறகுதான் சொல்வார்களாம். எங்கள் பக்கம் இன்னும் பாதி நிலைகள் ஓடவில்லை. சித்திரை வெயில், மத்தியானம் ஓட்டினால் விசிறி அலறுகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.